குரூப் பை விளக்கம் குறித்து, தரவுத்தள ஆவணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தரவுத்தள மென்பொருள்களுக்கு ஆவணம் எழுதும் குழுவினருக்கு, வணக்கம்.

எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியில் ஒரே மதிப்புள்ள வரிசைகளை ஒன்றுசேர்ப்பது குரூப் பை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, உடனே கூட்டித் தரும் சம், எண்ணித் தரும் கவுண்ட் எடுத்துக்காட்டுகளுக்குப் போய்விடும் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். அந்த வரியில் பிழையில்லை. ஆனால் குழுவாக்கியபின் தனி வரிசை எதுவும் மிஞ்சாது, குழுவுக்கு ஒரு வரிசையே வெளிவரும் என்பதை அது சொல்வதில்லை. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

வாடிக்கையாளர், தேதி, தொகை என்ற நெடுவரிசைகள் கொண்ட ஆர்டர் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்வாரியாகக் குழுவாக்கி, வெளிவர வேண்டிய நெடுவரிசைகளைக் குறிப்பிடும் செலக்டில் மொத்தத் தொகையோடு தேதியையும் கேட்டால், ஐந்து ஆர்டர் கொடுத்தவருக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பிழை காட்டி நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு மென்பொருள், இப்படிக் கேட்பதைத் தடுக்கும் ‘ஒன்லி ஃபுல் குரூப் பை’ அமைப்பு இயல்நிலையாக்கப்பட்ட 5.7.5 பதிப்புக்கு முன்புவரை, அவற்றுள் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தது. எஸ்கியூலைட் என்ற மென்பொருள் இன்றும் அப்படித்தான் கொடுக்கிறது. மொத்தத்துக்குப் பதிலாக உச்ச மதிப்பைத் தரும் மேக்ஸ் மட்டும் கேட்டால், அந்த உச்சத் தொகை இருக்கும் வரிசையின் தேதியைத் தருகிறது. பிழைச்செய்தி வந்தால் திருத்திக்கொள்ளலாம். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான தேதி அறிக்கையில் ஏறிவிட்டால் யாருக்கும் தெரியாது.

குரூப் பையில் இல்லாத நெடுவரிசையை செலக்டில் எழுதக் கூடாது என்று விதியை மட்டும் சொல்வதும் போதாது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்த அடையாளமாக இருக்கும் முதன்மைச் சாவியால் குழுவாக்கினால், அதே அட்டவணையின் மற்ற நெடுவரிசைகளை போஸ்ட்கிரெஸ் 9.1 முதல் ஏற்றுக்கொள்கிறது. ஒரு சாவிக்கு ஒரே பெயர், ஒரே முகவரிதான் இருக்க முடியும் என்பதால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. காரணத்தை முதலில் விளக்கினால் விதியும் விலக்கும் தாமாகவே புரிந்துவிடும்.

‘வேர்’ என்ற நிபந்தனைப் பகுதி குழுவாக்கத்துக்கு முன்பும் ‘ஹேவிங்’ என்ற நிபந்தனைப் பகுதி அதற்குப் பின்பும் வடிகட்டுகின்றன என்பதைப் பெரும்பாலும் நன்றாகவே விளக்குகிறீர்கள். ஆனால் சமக்குறியிட்டு ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாத ‘நல்’கள் (மதிப்பு இல்லை என்பதைக் குறிப்பவை) குரூப் பையில் ஒரே குழுவாகச் சேர்வதை அதே இடத்தில் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் உங்கள் ஆவணங்களில் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேடிப்போக வேண்டிய வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன என்பதே என் வருத்தம். குரூப் பை தொடரமைப்புக்கு நேர்கீழே, குழுவாக்கத்துக்கு முன்னும் பின்னும் அட்டவணை எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். காலி அட்டவணையில் வெறும் கவுண்ட் 0 என்று ஒரு வரிசை தரும், குரூப் பை சேர்த்தால் ஒரு வரிசையும் வராது என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
வினவல் எழுதக் கற்பிக்கும் ஒருவர்