மாருதி 800-க்கு இரண்டு உடம்பு

ஆசிரியருக்கு,

மாருதி 800 முப்பது வருடமும் ஒரே உருவத்தில் வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் கார் பட்டறை வைத்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன். 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தாரே, அந்த உடம்பு வேறு. அது ஜப்பானில் சுசுகி விற்ற ஃப்ரான்டே காரின் சாயல். 1986-ல் வந்த இரண்டாவது உடம்புதான் எல்லாருக்கும் ஞாபகத்தில் இருப்பது. பழசின் கண்ணாடியும் கதவும் புதுசுக்குச் சேராது.

மாறாதது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். அம்பாசிடர் ஓட்டியவர்கள் முதலில் சிரித்தார்கள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு மிளகாய் வியாபாரி வருவார். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக் குமிழை இழுத்தவர் உள்ளே தள்ள மறந்துவிட்டு, பெட்ரோல் குடிக்கிறது என்று வண்டியைத் திட்டுவார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால், பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான ஜெட் எல்லாம் அழுக்கு. பெட்ரோலில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து மாட்டுவேன். நடுவில் ஒரு டீ. அவ்வளவுதான் வேலை.

அப்புறம் கார்புரேட்டருக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. சோக்கும் போச்சு, அந்த டீயும் போச்சு. 2010-ல் புகை விதி கடுமையானதும் சென்னை போன்ற பெருநகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பே முடிந்தது.

என் மருமகன் இப்போது பெரிய கார் வைத்திருக்கிறார். வடக்கு மாசி வீதியில் திருப்ப முடியாமல், நான் இறங்கிப் பின்னால் நின்று கை காட்ட வேண்டியிருக்கிறது.

- ஓய்வுபெற்ற மெக்கானிக், மதுரை