200 டாலருக்கு எத்தனை பை

அன்புள்ள ராசாவுக்கு,

நீ அனுப்பிய 200 டாலர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. கூடவே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். "பிஸ்கட்லாம் வேண்டாம்மா, பெர்த் வரைக்கும் அனுப்பி எதுக்கு வீண் செலவு, பணத்தை டொனேஷனா வச்சுக்கோங்க." நல்ல மனசோடுதான் எழுதினாய், எனக்குத் தெரியும். நான்தான் யோசிக்காமல் உன் தங்கை பாப்பா பக்கத்தில் இருக்கும்போது அதைச் சத்தமாக வாசித்துத் தொலைத்துவிட்டேன். ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த ஆன்சாக் பிஸ்கட் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "அண்ணனுக்கு நான் செஞ்சது பிடிக்காதா?" என்று கேட்டாள். தூரம், தபால் செலவு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ பார்த்தது முதல் வருஷத்தை மட்டும்தான். ஆறேழு பேர் சேர்ந்து ஒரே அவன் அடுப்பில் நாலு தட்டு சுட்டு, பாதியை நாமே தின்று தீர்த்தோமே, அது. இப்போது பாப்பா போகிற மாற்றுத்திறனாளிகள் சென்டரில் மார்ச் முடிந்தாலே இதே பேச்சுதான். போரில் மாண்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைக்கிற ஆன்சாக் தினம் ஏப்ரல் 25, அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமையும் ஹாலின் சமையலறை எங்கள் கையில். துங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று சிட்னியில் நம் சுற்றுவட்டாரம் முழுக்க ஆர்டர் எடுக்கிறோம். ஒரு பையில் ஒரு டஜன், பை 8 டாலர். உன் அப்பாதான் டெலிவரி, காரில் இன்னும் வெண்ணெய் வாடை போகவில்லை.

"அரசாங்கம்தான் கொடுக்குதே, அப்புறம் எதுக்கு விக்கிறீங்க" என்று போன வருஷம் கேட்டாய். ஊனமுள்ளவர்களுக்கான அரசு உதவித் திட்டம், அந்த என்.டி.ஐ.எஸ்., 2013-இல் சட்டமாகி 2016-இல் நம் பக்கம் வந்தபோது நான் எவ்வளவு அழுதேன் என்று உனக்கே தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் ஆளுக்கு ஆள், அவரவர் பிளானில் வருவது. பாப்பாவோடு கடைக்குப் போய்வர ஆள் வேண்டுமா, அதில் உண்டு. பேச்சுப் பயிற்சியா, உண்டு. பத்துப் பேர் சேர்ந்து உட்காருகிற ஹாலுக்கு, சக்கர நாற்காலி அடியில் நுழைகிற மாதிரி ஒரு மேஜை வேண்டும் என்றால் அதை யார் பிளானில் எழுதுவது? போன வருஷத்து பிஸ்கட் பணத்தில் வாங்கியது அந்த மேஜைதான், கைப்பிடியைச் சுற்றினால் உயரம் ஏறி இறங்கும். இந்த வருஷம் புது அவன் வாங்கலாம் என்று பேச்சு. பழையதில் கதவு சரியாக மூடாமல், ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துச் சுடுகிறோம், இதை வெளியே சொல்லாதே.

சரி, இந்த பிஸ்கட்டே நிதி திரட்டப் பிறந்ததுதான் தெரியுமா? நீ இரண்டாம் வகுப்பில் ஸ்கூலிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தாயே, நான் கூட "யாரோ தேங்காய் பர்பி பண்ணத் தெரியாமல் பண்ணியிருக்கிறார்கள்" என்றேன். முதல் உலகப் போர் சமயத்தில் ஆஸ்திரேலியப் பெண்களும் நியூசிலாந்துப் பெண்களும் ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு, திருவிழாக் கடைகளில் விற்றுப் போருக்குப் பணம் சேர்த்திருக்கிறார்கள். 1915-இல் துருக்கியில் கலிபோலிப் போர்முனையில் இருந்த பையன்களுக்குச் சாப்பிடக் கிடைத்தது கல் மாதிரி ஒரு மாவு பிஸ்கட்டாம், பல் உடையுமாம். நாங்கள் சுடுவது வீட்டுப் பக்குவம். முட்டை கிடையாது, அதனால் டப்பாவில் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. கப்பலில் அனுப்பத் தோதான பண்டம் என்று பேர் வாங்கியது. இதை பெர்த்துக்கு அனுப்ப முடியாது என்கிறாய் நீ! வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவர உங்கள் ஊர்க் கட்டுப்பாடு என்று சாக்கும் சொல்லாதே, அதெல்லாம் பழத்துக்கும் தேனுக்கும். இதில் இருப்பது கோல்டன் சிரப், கரும்புப் பாகு.

தூத்துக்குடியில் மக்ரூன் வாசத்தில் வளர்ந்தவள் நான், பேக்கரி எனக்குப் புதிதா என்று முதல் வருஷம் கொஞ்சம் ஏலக்காயும் முந்திரியும் தட்டிப் போடப் போனேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆன்சாக் என்ற சொல்லுக்கே 1921-இலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறதாம். அந்தப் பெயரில் பிஸ்கட் விற்பதென்றால் பழைய பக்குவத்திலேயே இருக்க வேண்டும், குக்கி என்று கூட எழுதக் கூடாது. எனக்குச் சிரிப்பாக வந்தது, அப்புறம் யோசித்தால் சரிதான் என்று பட்டது. நம் அல்வாவுக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் எத்தனை கடைக்காரர்கள் உள்ளே போயிருப்பார்கள்.

உன் தங்கை வேலை செய்வதை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். சுவரில் படம் போட்ட அட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஓட்ஸ் ஒரு கப், மாவு ஒரு கப், சர்க்கரை, தேங்காய்ப்பூ, எல்லாம் படம்தான், எழுத்து குறைவு. ஒரு வேலை முடிந்ததும் அந்த அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். நான் நடுவில் புகுந்து எதையாவது எடுத்தால் கையிலேயே ஒரு தட்டு. பேச வராத ஒரு பையன் இருக்கிறான், கைகால் இறுகியே இருக்கும், அவன் நாற்காலித் தட்டில் சாஸர் அளவுக்குச் சிவப்பாக ஒரு பொத்தான். அதை அவன் தாடையால் அழுத்தினால்தான் மிக்ஸர் ஓடும். அழுத்தும்வரை எல்லாரும் காத்திருப்போம். சில சமயம் வேண்டுமென்றே அழுத்தாமல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான், போக்கிரி.

அப்புறம் ஒரு விஷயம். வெண்ணெயும் சிரப்பும் அடுப்பில் உருகியதும், கொதிநீரில் கரைத்த சோடா உப்பை அதில் ஊற்ற வேண்டும். ஊற்றிய மாத்திரத்தில் பொன் நிறத்தில் நுரைத்துக்கொண்டு விளிம்புவரை ஏறிவரும். முதல் தடவை அதைப் பார்த்ததும் பாப்பா என்ன செய்தாள் தெரியுமா, இரண்டு கையையும் தூக்கி "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திவிட்டாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. இப்போது அது அங்கே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பாத்திரம் பொங்கும்போதும் வெள்ளைக்காரர், லெபனான்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் அவரவர் நாக்கு புரண்ட மாதிரி "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிறார்கள். சித்திரை மாதத்தில் பொங்கல் கொண்டாடுகிற ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

போன சனிக்கிழமை நான் மூன்று தட்டைக் கருக்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா சொல்லிவிடுவார். இந்த பிஸ்கட் அவனிலிருந்து எடுக்கும்போது மெத்தென்று, வேகாத மாதிரி இருக்கும், ஆற ஆறத்தான் இறுகும். அட்டையில் கடிகாரப் படம் போட்டு 15 நிமிஷம் என்றிருக்கிறது. மணி அடித்ததும் பாப்பா கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் வேகலடி, உள்ளே தள்ளு" என்றேன். "போதும்மா" என்றாள். நான் தள்ளினேன். "போதும்மா, மணி அடிச்சாச்சு." நான் கேட்கவில்லை. முப்பது வருஷமாக அவள் போதும் என்றால் நான் இன்னொரு கரண்டி போட்டுத்தானே பழக்கம். ஐந்து நிமிஷத்தில் புகை, 36 பிஸ்கட் கரி. ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்து ஒன்றுமே சொல்லாமல் என் கையில் ஒரு கப் டீயைக் கொடுத்து, வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார். பெரிய மரியாதையோடுதான் சொன்னார், ஆனால் துரத்திவிட்டார் என்பதுதான் உண்மை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் கரண்டியால் மாவை எடுத்து, பின்புறம் நெம்பித் தட்டில் விழவைத்து, ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு, மூன்று வரிசை, வரிசைக்கு நாலு. அவ்வளவு அழகு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இதிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. கூட்டத்தில் ஒரு பையனுடைய அப்பா எழுந்து, "பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், விற்றுக் காசாக்குகிறீர்கள், கூலி எங்கே?" என்று கேட்டார். கோபத்தோடு கேட்டார், நியாயமாகவும் கேட்டார். ஊனமுள்ளவர்கள் படும் பாட்டை விசாரிக்க அரசாங்கம் போட்ட ராயல் கமிஷன் நாலு வருஷம் விசாரித்து 2023-இல் அறிக்கை கொடுத்ததே, அதிலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஊனத்தைக் காட்டி அரைக்கூலி கால்கூலி கொடுப்பதை நிறுத்தி, 2034-க்குள் எல்லாருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி வர வேண்டும் என்று. வருஷம் முழுக்க பெட்டி மடிக்கவைத்துச் சில்லறை கொடுக்கிற இடத்தைப் பற்றி என்றால் நானும் அவர் பக்கம்தான். இது இரண்டு சனிக்கிழமை, விருப்பப்பட்டவர்கள் வருவது, எனக்கும் சம்பளம் இல்லை, அந்த அம்மாவுக்கும் இல்லை. ஆனாலும் அவர் கேட்டதால் ஒரு நல்லது நடந்தது. வந்த பணத்தை என்ன செய்வது என்று இனி சுட்டவர்களே கை தூக்கி முடிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. புது அவன் அடுப்பு வேண்டும் என்று கை தூக்கியது அவர்கள்தான். உன் தங்கை இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனோம், இருபது பை எடுத்துக்கொண்டு. நம் ஆள் ஒருவர், நல்ல மனிதர், பெயர் வேண்டாம், 20 டாலரை நீட்டி, "பிஸ்கட் வேண்டாம்மா, பாவம் பிள்ளைங்களுக்கே குடுங்க" என்றார். நானும் வழக்கம்போல ஈயென்று இளித்துக்கொண்டு வாங்கப் போனேன். பாப்பா குறுக்கே வந்தாள். இரண்டு பையை எடுத்து அவர் கையில் வைத்தாள், பணப்பெட்டியைத் திறந்தாள், நாலு டாலர் மீதியை எண்ணி அவர் உள்ளங்கையில் போட்டாள். "தேங்க்யூ, டப்பாவில வைங்க, நமுத்துப் போகும்" என்றாள். மனிதர் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைப் பிரித்துக் கடித்தார், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. கிளம்பும்போது இன்னும் மூன்று பைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது உன் செய்தியை எடுத்து மறுபடி படித்துப் பார். அவர் சொன்னதற்கும் நீ சொன்னதற்கும் என்ன வித்தியாசம் ராசா? அவராவது வெளியாள்.

இதை உன் மனசு நோக எழுதவில்லை. கொஞ்சம் நோகத்தான் எழுதினேன், சரி விடு. ஏனென்றால் உன் தங்கை உன்னைவிடக் கெட்டிக்காரி, இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்து கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். 200-ஐ அழுத்தினாள், 8-ஆல் வகுத்தாள், என்னிடம் திருப்பிக் காட்டினாள். 25. "அண்ணன் 25 பை வாங்கியிருக்கான்" என்றாள். இல்லம்மா, அண்ணன் சும்மா கொடுத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

ஆகவே 25 பை, 300 பிஸ்கட். அப்பா நிறுத்துப் பார்த்து ஏழு கிலோ வரும் என்கிறார். வருகிற சனிக்கிழமை உனக்காகத் தனியாகச் சுடுகிறார்கள், ஆர்டர் தாளில் உன் பெயரை அவளே எழுதியிருக்கிறாள், இங்கிலீஷில், ஓர் எழுத்து மட்டும் திரும்பி நிற்கிறது. தபால் செலவு உன்னுடையது, அதையும் தாளில் எழுதச் சொல்லிவிட்டாள். பெரிய டப்பாக்களாகப் பார்த்துக் கழுவிக் காயவைத்துக்கொள், ஆபீஸில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வை. பெட்டி வருகிற நாளில் வீட்டில் இரு, வாசலில் வைத்துவிட்டுப் போனால் எறும்பு முந்திக்கொள்ளும். வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், எங்கள் நேரம்.

அம்மா