சனிக்கிழமை போனில் அழுத அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, சித்தி எழுதுவது.

நீ அழுததைக் கேட்டதிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. நாலு வருஷமாகத் தடுப்பூசி ஆராய்ச்சி, எலிக்குப் போட்டால் எதிர்ப்புச் சக்தி வந்தபாடில்லை, எல்லாம் வீண், பேசாமல் பேங்க் பரீட்சை எழுதிவிடுகிறேன் என்றாய். போனில் எனக்கு வார்த்தை வரவில்லை. உன்னைப் போல் தவிக்கிற வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்று, உன் பெயரை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் நான் கிராம செவிலியராக இருந்தபோது புதன்கிழமைதான் ஊசி நாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே ஊசி மருந்து கொண்டுபோகும் கேரியர் பெட்டியில் வைக்க மாட்டோம். மேசைமேல் பரப்பிவிட்டுக் காத்திருப்போம். மேலே முத்து முத்தாக வியர்க்கும். காதோரம் ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்குவோம். அவசரப்பட்டால் பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாகப் போடும் மருந்து, உறைந்து கெட்டுவிடும். அப்புறம் வெண்ணாற்றுக் கரையோடு சைக்கிள். நடவு நாளென்றால் தாய்மார்கள் சேற்றுக்காலோடு வரப்பில் ஓடிவருவார்கள்.

குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரவைக்கும் கிருமி ரோட்டா. அந்த நாட்களில் அதற்குச் சொட்டு மருந்து கிடையாது. எட்டு மாதக் குழந்தை ஒன்று, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கண் குழிவிழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டேன், மடிப்பு அப்படியே நின்றது. தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. அந்த மடிப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

அந்தச் சொட்டு மருந்து வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், ரோட்டா கிருமி தொற்றியும் வயிற்றுப்போக்கு வராத பச்சிளம் குழந்தைகளை டாக்டர் எம்.கே.பான் குழுவினர் கவனித்தார்கள். நோய் தராமல் தொற்றிய அந்தக் கிருமிக்குப் பெயர்தான் 116இ. அதை மருந்தாக்கி, டெல்லி, புனே, நம் வேலூர் என மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2016-இல். ஐந்து சொட்டுக்கு ஏறக்குறைய 30 வருஷம்!

அந்த 30 வருஷத்தில் எத்தனை பேர் உன்னை மாதிரி ராத்திரி போனில் அழுதிருப்பார்கள் பாப்பா? எது வேலை செய்யாது என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துவைத்ததால்தானே வேலை செய்வது கைக்குக் கிடைத்தது?

பேங்க் வேலை குறைச்சல் இல்லை. போகத்தான் வேண்டுமென்றால் போ, அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் நாலு வருஷமும் வீண் என்று மட்டும் சொல்லாதே, எனக்குத் தாங்கவில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு புதன்கிழமை இங்கே வா. இப்போதுள்ள செவிலியரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். ஐந்தாவது சொட்டையும் விழுங்கிவிட்டுக் குழந்தை சப்புக்கொட்டும், அதை நீ கிட்டே நின்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவோம், செவ்வாய்க்கிழமை ராத்திரியே வந்துவிடு.

அன்புடன்,
சித்தி