ஷீட் கொண்டுவரும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பேத்தி ஃபோனில் இதை வாசித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். பெயர் போடவில்லை. குலசேகரம் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருகிற அக்காமார் நிறையப் பேர். அதில் யாரென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அன்றைக்கு என் ரப்பர் கடையில் நின்ற மூன்று பேருக்கும் தெரியும். அந்த மூன்று பேருக்காகத்தான் பொதுவில் எழுதுகிறேன். அவர்கள் காதில் விழச் சொன்னதை, உங்களிடம் மட்டும் தனியாக வந்து மாற்றிச் சொன்னால் அது பாதி வேலை.

ஆனி மாதம், சனிக்கிழமை, விடாத மழை. பதினொரு ஷீட் கொண்டுவந்தீர்கள். ஒன்றை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்தேன். நன்றாகக் காய்ந்த ஷீட் என்றால் தேன் நிறத்தில் வெளிச்சம் தெரியும். உங்களுடையதில் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. ஈரம் போகவில்லை. அந்த மழையில் யாருக்குத்தான் காயும்? தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைக்கிற மாவட்டம் இது. ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற புகைப்புரை இல்லாதவர்கள் அடுக்களையில் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்கிறார்கள். அரைக் கிலோ கழித்தால் நியாயம். நான் ஒரு கிலோ கழித்தேன். அதோடு விட்டேனா? "உங்க ஷீட்டு எப்பவும் இப்படித்தான்" என்றேன்.

எப்பவும் இல்லை அக்கா. என் கடைக்கு வருகிற ஷீட்டில் தூசி துரும்பு இல்லாதது உங்களுடையதுதான். ரப்பர் பாலை இரண்டு தடவை அரித்து ஊற்றுகிற கை அது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "செரி மக்களே, கணக்குப் பாத்துப் போடு" என்றீர்கள். பணத்தை எண்ணினீர்கள். மீன்காரிக்குக் கொடுக்க நூறு ரூபாயைச் சில்லறையாக மாற்றி வாங்கிக்கொண்டு, குடையை விரித்துப் போய்விட்டீர்கள்.

இதில் கூத்து என்னவென்றால், அதற்கு மூன்று வாரம் முன்புதான் நான் சென்னை திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாம் முடித்து வந்திருந்தேன். காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், பத்தாம் நாள் காலைவரை யாரோடும் பேச்சு கிடையாது. திரும்பி வந்ததும் நீங்கள்கூடக் கேட்டீர்கள், "சிதறால் சாமியா மக்களே?" என்று. சிதறால் மலையில் இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள், நான் போனது புத்தர் வழி என்று பெரிய ஞானி மாதிரி விளக்கினேன்.

அந்த முகாம் மரபில் ஊ பா கின் என்று ஒருவர் உண்டு. 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அரசாங்கக் கணக்குத் துறைக்கே தலைமை அதிகாரி ஆனவர். துறவி இல்லை, குடும்பஸ்தர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். கணக்குப் பார்க்கிறவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஓர் ஒட்டுதல். கல்லாவில் உட்கார்ந்துகொண்டும் இதைச் செய்யலாம் என்ற தைரியம் அவரால் வந்தது. பழக்கம்தான் வரவில்லை.

அன்றைக்கு உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் கோட்டயத்து ஏஜென்ட் கூப்பிட்டு, விலை மூன்று ரூபாய் இறங்கிவிட்டது என்றான். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நெஞ்சுக்கு நடுவில் ஒரு சூடு, தாடை இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டது. சூட்டை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இதற்குப் பௌத்தத்தில் ஒரு வரிசை இருக்கிறது. மணிமேகலை அதை நல்ல தமிழில் வைத்திருக்கிறது: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. ஏஜென்ட் சொன்னது காதில் பட்டது ஊறு, அதாவது தொடுகை. நெஞ்சுச் சூடு நுகர்வு, அதாவது உணர்ச்சி. அதை உடனே யார் தலையிலாவது இறக்க வேண்டும் என்ற தவிப்பு வேட்கை. நுகர்வுக்குப் பாலி மொழியில் 'வேதனா' என்று பெயர். அங்கே இன்பமும் வேதனாதான், வலிக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிக்கொண்டது நாம். சூடு வரத்தான் செய்யும். அது வேட்கையாக மாறுவதற்குள் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது, பத்து நாள் கால் மரத்துப்போக உட்கார்ந்து பழகியதெல்லாம் அந்த இடத்தில் நிற்கத்தான். நான் அன்று லாரியில் இருந்தேன், கோட்டயத்தில் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லறத்தார் செய்யக் கூடாத வியாபாரம் என்று புத்தர் ஐந்து சொன்னார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. ரப்பர் அதில் இல்லை என்று பார்த்ததும், பரீட்சை ரிசல்ட்டில் நம் நம்பர் இருந்த மாதிரி ஒரு நிம்மதி. அப்புறம் புத்தரின் வேறோர் உரையில் தவறான பிழைப்புக்கு ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. வேஷம் போடுவது, குழைந்து பேசுவது என்று போகிற அந்த வரிசையில், மட்டம் தட்டுவதும் இருக்கிறது. வியாபாரத்தில் நாங்கள் இதைச் சாமர்த்தியம் என்போம். என் அப்பா இதில் கெட்டிக்காரர். ஷீட்டைத் தொடும்போதே முகத்தைச் சுளிப்பார், கொண்டுவந்தவர் தானாகவே விலையைக் குறைத்துக்கொள்வார். கடையோடு சேர்த்து அந்த முகமும் எனக்கு வந்துவிட்டது. இப்போது ஊரெல்லாம் தியானத்தைத் தலைவலி மாத்திரை மாதிரி விற்கிறார்கள். நிம்மதியாக உட்கார்ந்து எழுந்து, அதே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தால் அந்த நிம்மதியை வைத்து என்ன செய்வது?

புத்தர் தன் மகன் ராகுலனிடம், கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றான். அதேபோல ஒன்றைச் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்த பின்னும் பார் என்றார். பேச்சுக்கும் இதுதான். கேடு செய்துவிட்டாய் என்று பின்னால் தெரிந்தால், மறைக்காமல் சொல்லிவிடு, இனி அடங்கி நட. உங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரிதான், ஆனால் இங்கே மன்னித்து அனுப்ப ஆள் கிடையாது. முதல் இரண்டையும் கோட்டைவிட்டேன். மூன்றாவதுக்குத்தான் இந்தக் கடிதம்.

இப்போது கடையில் ஒன்று செய்து பார்க்கிறேன். புதுத் தராசில் ஷீட்டை வைத்ததும் சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடும், அப்புறம் நிற்கும். எண் நிற்கும்வரை வாயைத் திறப்பதில்லை. அந்த இரண்டு மூன்று நொடியில் உள்ளங்கால் தரையில் பட்டிருப்பது தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் நான் கடையில் இருக்கிறேன் என்று அர்த்தம். வாரத்தில் பாதி நாள் மறந்துபோகிறது. போன செவ்வாய்க்கிழமை ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர்) கொண்டுவந்த பையனிடம் மறுபடியும் எரிந்து விழுந்தேன். ஆனால் பாதிப் பேச்சில் எனக்கே கேட்டது. முன்பெல்லாம் ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்கும்.

கூடுதலாகக் கழித்த அந்த அரைக் கிலோவுக்கு அன்றைய விலையில் பணத்தை உங்கள் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். பேத்தியிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை, நீங்களே வாங்க. அந்த மூன்று பேரில் ஒருவராவது கடையில் நிற்கிற சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. ஷீட்டை மட்டும் அடுப்புக்கு மேலே இன்னும் இரண்டு நாள் தொங்கவிட்டுக் கொண்டுவாங்க. ஈரம் இருந்தால் கழிக்கத்தான் செய்வேன்.

அன்புடன்,
கடைக்காரத் தம்பி