திமிங்கிலக் கொழுப்பில் கடலின் கைவேலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தம்பி கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். அம்மா இப்போது கைத்தடி இல்லாமலே மாடி ஏறுகிறார்கள்.

‘தொழிற்சாலை ரசாயனம்தான் உடம்பில் சேரும், இயற்கையாக உண்டாவது எதுவும் தங்காது’ என்று உன் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அடித்துச் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்களிடம் நீ ஒரு திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2003 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் ஓர் அலகுத் திமிங்கிலம் கரையொதுங்கியது. அதன் கொழுப்பில் இரண்டு புரோமின் சேர்மங்கள் இருந்தன. சோபா நுரையிலும் மின்சாதன பிளாஸ்டிக்கிலும் தீப்பிடிக்காமலிருக்கக் கலந்தார்களே, அந்த பிபிடிஇ குடும்பத்தின் அச்சு அசல் சாயல். ஒரு மெத்தாக்சி தொகுதி (ஆக்சிஜனோடு ஒரு மெத்தில் சேர்ந்த சின்ன அணுக்கூட்டம்) மட்டும் கூடுதல். ஆலையில் பிறந்து திமிங்கிலத்தின் உடம்பில் மாறியவையா, கடலிலேயே பிறந்தவையா? வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் எம்மா டியூட்டன், லி சூ, கிறிஸ்டோபர் ரெட்டி மூவரும் பத்து கிலோ கொழுப்பைக் கரைத்து வடித்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். உயிருள்ளவற்றில் இருக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன் 14 அதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுதான். பெட்ரோலியமோ கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு, அதிலிருந்து செய்த பொருளில் கார்பன் 14 மிஞ்சியிருக்காது. இந்த இரண்டிலும் இருந்தது, அதாவது இவை ஆலைச் சரக்கல்ல, இயற்கையில் பிறந்தவை. 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். என்ன நேர்த்தியான சோதனை பார்! பிறகு, சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற வேட்டைக் கப்பல் 1921 இல் கொண்டுவந்த திமிங்கில எண்ணெயிலும் இதே வகைச் சேர்மங்களைக் கண்டார்கள். பிபிடிஇ சந்தைக்கு வந்ததோ அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து.

செய்வது யார் என்றால், செம்பாசிகளும், கடற்பஞ்சுக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசிகளும். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு சுமார் 19 கிராம், புரோமைடு 65 மில்லிகிராம்தான். ஆனாலும் கடலுயிர்களின் சேர்மங்களில் புரோமின் நிறைய வருகிறது. குளோரைடைவிட புரோமைடை ஆக்சிஜனேற்றுவது சுலபம். வனேடியம் கொண்ட நொதியும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் போதும். நாம் ஆய்வகத்தில் புகைபோக்கிக்குக் கீழே நின்று பயந்து பயந்து செய்த புரோமினேற்றத்தைப் பாசி சத்தமில்லாமல் செய்கிறது.

அதற்கப்புறம் நடப்பதில் ஆலைச் சரக்குக்கும் கடல் சரக்குக்கும் வித்தியாசமே இல்லை. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும், உடம்பால் எளிதில் உடைக்க முடியாது. பாசியைத் தின்பதில் கொஞ்சம், அதைத் தின்னும் மீனிலும் கணவாயிலும் இன்னும் கொஞ்சம், ஆண்டுக்கணக்கில் கணவாயையே தின்று வாழும் அலகுத் திமிங்கிலத்தில் மொத்தமும். தாய்ப்பாலோடு குட்டிக்கும் போகிறது. மனிதரும் தப்பவில்லை. கியூ1 என்று பெயரிட்ட, ஏழு குளோரின் அணுக்கள் கொண்ட ஓர் இயற்கைச் சேர்மத்தை, திமிங்கிலக் கொழுப்பு உண்ணும், வட அட்லாண்டிக்கின் ஃபேரோ தீவுப் பெண்களின் தாய்ப்பாலில் கண்டிருக்கிறார்கள். அண்டார்க்டிகாவின் காற்றிலும் கண்டார்கள்.

தங்குவதால் தீங்கு உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த மெத்தாக்சி தொகுதியிலிருந்து மெத்தில் கழன்றால் ஹைட்ராக்சி சேர்மமாகிறது. அது செல் தன் ஆற்றலை உண்டாக்கும் வழியையே குலைப்பதை வரிக்குதிரை மீன்களில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இயற்கை என்ற முத்திரையை நம்பி நிம்மதியடைய முடியாது.

ஆனால் செல்வி, இதையே பிடித்துக்கொண்டு ‘கடலே செய்கிறதே, ஆலைகள் செய்தால் என்ன’ என்று யாராவது பேசினால் விடாதே. மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபியையும் பூச்சிமருந்தான டிடிடியையும் எந்தப் பாசியும் செய்யவில்லை. ஏற்கெனவே சுமை தாங்கும் ஓர் உயிரின் மேல் இன்னும் ஏற்றுகிறோம் என்பது ஆலைகளுக்குச் சாதகமான வாதமில்லை, எதிரான வாதம்.

கார்பன் 14 கணக்கைப் பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல். பத்து அரை ஆயுளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பொங்கல் விடுமுறைக்கு நீ வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
கலா