ஆர்க்டிக் கவுன்சிலின் எட்டு உறுப்பு நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சர்களுக்கு,

வணக்கம். வடதுருவப் பகுதியின் எட்டு நாடுகள் ஒத்துழைப்புக்காகக் கூடும் அவை ஆர்க்டிக் கவுன்சில். இராணுவப் பாதுகாப்பு தொடர்பான விவகாரங்களை இக்கவுன்சில் கையாளலாகாது என்று, அதை நிறுவ உங்கள் நாடுகள் 1996இல் ஒட்டாவாவில் கையெழுத்திட்ட பிரகடனத்தின் அடிக்குறிப்பு ஒன்று கூறுகிறது. அந்த ஒற்றை வரியைப் பற்றியதே இம்மடல்.

அதை நீக்கச் சொல்ல நான் வரவில்லை. ரஷ்யா 2014இல் உக்ரைனின் கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகும் எட்டு நாடுகளும் கூடி, 2017இல் அறிவியல் ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட முடிந்ததற்கு அவ்வரியும் ஒரு காரணம். ஆனால் அன்று படைகளைப் பற்றிப் பேச வேறோர் இடம் இருந்தது. 2012இல் கனடாவின் கூஸ் பேயிலும் 2013இல் கிரீன்லாந்தின் இலுலிசாட்டிலும் எட்டு நாடுகளின் படைத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். கிரிமியாவுக்குப் பின் ரஷ்யாவுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பால் 2022 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்ட கவுன்சில் பணிகளாவது பின்னர் மெல்ல மெல்ல மீண்டன. படைத் தலைவர்களின் அந்த எண்மர் கூட்டம் மீளவே இல்லை.

இதற்கிடையே பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் நேட்டோவில் சேர்ந்துவிட்டதால், ரஷ்யா நீங்கலாக நீங்கள் எழுவரும் இன்று ஒரே கூட்டணியினர். எதிரே வடமேற்கு ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளுடன் ரஷ்யாவின் வடகடற்படை நிற்கிறது. அதை ஒட்டிய பாரென்ட்ஸ் கடலில் ஒரு விமானம் வழி தவறினாலோ ஒரு கப்பல் மோதினாலோ, அது விபத்துதான் என்று உடனே யார் யாரிடம் சொல்வது?

நார்வேயிடம் இதற்கு விடை உண்டு. கடலில் நேரும் அசம்பாவிதங்களைத் தவிர்க்க 1990இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டையும், தன் இராணுவத் தலைமையகத்துக்கும் வடகடற்படைக்கும் இடையிலான நேரடித் தொடர்பையும் அது 2014க்குப் பிறகும் கைவிடவில்லை. ரஷ்யாவுடன் பேசுவது உக்ரைன் மீதான படையெடுப்பை ஏற்பதாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். எனினும் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1972இலேயே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இத்தகைய உடன்பாட்டைச் செய்துகொண்டன.

இந்தியா 2013 முதல் உங்கள் அவையில் பார்வையாளர் மட்டுமே. பார்வையாளருக்கு வாக்கில்லை, மடல் எழுதத் தடையுமில்லை. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கத்தில் பங்கேற்ற ஆய்வுக் கருவியொன்று 2014இல் ஆர்க்டிக்கில் நார்வேக்குரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் காங்ஸ்ஃபியோர்டு கடற்கழியில் இறக்கப்பட்டது. அக்கடல் அமைதியாக இருப்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு.

எனவே 2027 வரை தலைமைப் பொறுப்பிலுள்ள டென்மார்க் முடியரசு, கவுன்சிலுக்கு வெளியே, கூட்டறிக்கையோ புகைப்படமோ இன்றி, எட்டு நாடுகளின் கடற்படை, கடலோரக் காவல்படை அதிகாரிகள் மட்டும் விபத்துத் தவிர்ப்பைப் பற்றிப் பேசும் கூட்டமொன்றுக்கு முயற்சி எடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்