அப்பளப் பையும் நீளப் பாவாடையும்

ஆசிரியருக்கு,

ஜப்பானிய காமிக்ஸ் பற்றிய ஞாயிறு கட்டுரையில் 'யாங்கி' எனப்படும் அடங்காத பள்ளி மாணவர்களை ரவுடிகள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நிஜத்தில் இவர்களின் பைக் கும்பல்கள் போலீஸுக்குத் தலைவலி கொடுத்தன, சரி. ஆனால் கதைகளில் வருவது வேறு. 1970களின் 'சுகெபான்' எனப்பட்ட அடங்காத பள்ளிப் பெண்கள் சீருடைப் பாவாடையைக் கணுக்கால் வரை இறக்கினார்கள். குட்டைப் பாவாடைக் காலத்தில் அதுதான் கலகம்! பள்ளிப் பையை அப்பளமாக நசுக்கிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. உள்ளே புத்தகம் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே. 1990-ல் தொடங்கிய 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்து காமிக்ஸின் நாயகன் சகுராகியும் இந்த ரகம்தான், சிவப்பு முடியும் அடிதடியுமாக. அதைப் படித்துத்தான் என் மகன் கூடைப்பந்து ஆடப் போனான். முடிக்குச் சாயம் பூசுவது பற்றி வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

- ஒரு வாசகி, திருச்சி